நித்தியகல்யாணி: சர்க்கரைக்குப் பறித்த இலை புற்றுநோய் மருந்தானது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் யாரும் தண்ணீர் விடாமலே பூக்கிற செடி எது என்று கேட்டால், நித்தியகல்யாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். முட்டத்தில் கடல் மணலில் நிற்கும். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு அடியில், மற்ற செடிகள் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிற இடத்திலும் நிற்கும். ஈத்தாமொழிப் பக்கம் தென்னை விளைகளின் கையாலை ஓரத்தில் ரோஸ் நிறத்தில் வரிசை கட்டும். கல்லறைத் தோட்டத்தில் ஒரு தடவை நட்டுவிட்டால் பிறகு யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சுடுகாட்டு மல்லி என்ற பெயரும் இதற்கு உண்டு. தோவாளைச் சந்தையில் பிச்சியும் கேந்தியும் அரளியும் மூட்டை மூட்டையாக இறங்கும்போது இந்தப் பூவை யாரும் சீந்துவதில்லை. வாசனை கிடையாது, பறித்த கொஞ்ச நேரத்தில் வாடிவிடும், சரமாகக் கட்டவும் ஒத்துவராது. ஆடுகூட இலையை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

இந்தச் செடியைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, “சுகருக்கு நல்லது, காலையில நாலு பூவ மென்னு தின்னா போதும்.” இன்னொன்று, “அது கேன்சருக்கே மருந்தாக்கும்.” இரண்டாவது பேச்சில் உண்மை இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு குழந்தையைத் திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ சென்னைக்கோ கூட்டிக்கொண்டு போனால், அங்கே ரத்த நரம்பில் ஏற்றுகிற மருந்துகளில் ஒன்று இந்தச் செடியின் இலையில் இருந்து பிறந்தது. ஆனால் இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்துக்கொண்டு இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் கவலையாக இருக்கிறது. மூலிகை ஒன்றுக்கு மருத்துவக் குணம் இருக்கிறது என்று சொன்னால் உண்மையில் அதற்கு என்ன பொருள், செடியில் இருப்பதற்கும் ஊசியில் வருவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை விளக்க இதைவிட நல்ல செடி எனக்குத் தெரிந்து இல்லை.

செடியும் அதன் சொந்தக்காரர்களும்

தாவரவியலில் இதன் பேரினத்துக்குக் கேத்தரந்தஸ் என்று பெயர். மொத்தம் எட்டு இனங்கள். ஏழு இனங்களுக்குச் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. நம் வேலியோரத்தில் நிற்கும் ரோஸ், வெள்ளைப் பூச்செடியும் அங்கிருந்து வந்ததுதான். அதன் பெயர் கேத்தரந்தஸ் ரோசியஸ். எட்டாவது இனம் மட்டும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. மிளகாய்ப்பூண்டு என்று அதைச் சொல்வார்கள். ஒரு முழம்கூட வளராத களை அது, பூ சிறியது, வெள்ளை. மருந்துக் கம்பெனிகள் தேடிப் போவதெல்லாம் மடகாஸ்கர்க்காரனைத்தான்.

1759-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். 1837-இல் ஜார்ஜ் டான் என்பவர் இது வின்கா பேரினத்தைச் சேர்ந்தது இல்லை என்று பிரித்துக் கேத்தரந்தஸில் சேர்த்தார். பெயர் மாறினாலும் பழைய வின்கா விடவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்று வருகிற “வின்” அதுதான். நர்சரியில் போய்க் கேட்டாலும் “வின்கா” என்று சொல்லித்தான் தொட்டியை எடுத்துத் தருவார்கள்.

குடும்பம் அரளிக் குடும்பம். நந்தியாவட்டை, சம்பங்கி மாதிரி வாசனை வீசும் கள்ளிமந்தாரை, எருக்கு, காட்டுக்குள் கிடைக்கும் சர்ப்பகந்தி எல்லாம் இதே குடும்பம். தோவாளையில் மாணிக்கமாலை கட்டுகிறார்களே, அதற்கு வெள்ளையும் சிவப்புமாக அடுக்குகிற அரளிப் பூவும் இந்தக் குடும்பத்துப் பூதான். ஒரே குடும்பம் என்பதால் ஒரே நஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. அரளியில் இருப்பது இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடு வகை. அதில் நைட்ரஜனே கிடையாது. நித்தியகல்யாணியின் சரக்கு முழுக்க வேறு: ஆல்கலாய்டு.

ஆல்கலாய்டு என்றால்

சுருக்கமாகச் சொன்னால், செடிகள் தயாரிக்கும் நைட்ரஜன் உள்ள கரிமச் சேர்மங்கள். பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை, பெரும்பாலும் கசப்பானவை, மிகக் கொஞ்சமாக உள்ளே போனாலும் உடம்பில் ஏதாவது ஒன்றைச் செய்பவை. தேயிலையின் கஃபீன், புகையிலையின் நிகோடின், சின்கோனா பட்டையின் குவினைன், நல்லமிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின், எல்லாம் இந்த வகை. தினமும் காலையில் சாயா குடிக்கிற யாரும் ஆல்கலாய்டு சாப்பிடாதவர் இல்லை.

காரத்தன்மை என்று சொன்னேனே, அது வெறும் பாடப்புத்தகச் செய்தி அல்ல. ஆய்வகத்தில் இலையிலிருந்து ஆல்கலாய்டைப் பிரிப்பதே இதை வைத்துத்தான். காய்ந்த இலைப் பொடியில் அமிலம் கலந்த நீரை ஊற்றினால் ஆல்கலாய்டு அமிலத்தோடு சேர்ந்து உப்பாகி நீரில் கரைந்து வரும். பச்சையமும் மெழுகும் எண்ணெயும் பெரும்பாலும் பின்தங்கிவிடும். வடிகட்டி, அந்த நீரில் அம்மோனியா விட்டால் ஆல்கலாய்டு உப்பு நிலையை விட்டுத் தன் பழைய உருவத்துக்குத் திரும்பும். இப்போது அதற்கு நீர் பிடிக்காது. குளோரோஃபார்ம் மாதிரி ஒரு கரைப்பானைச் சேர்த்துக் குலுக்கினால் அதற்குள் போய்விடும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பிரிபுனலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஊசி மருந்துக் குப்பியில் வின்கிரிஸ்டின் சல்ஃபேட் என்று அச்சடித்திருப்பதன் காரணமும் இதுதான். கந்தக அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கினால்தான் நீரில் கரையும், ரத்த நரம்பில் ஏற்ற முடியும்.

ஆனால் இப்படிக் கிடைப்பது ஒரு கலவை. நித்தியகல்யாணியில் 130-க்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகளை இதுவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரே ஒரு செடியில் இத்தனை வகை என்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

இத்தனைக்கும் மூலம் ஒன்றே ஒன்று. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் இருக்கிறது. அதிலிருந்து செடி டிரிப்டமினைச் செய்கிறது. இன்னொரு பக்கம், ரோஜா வாசனைக்குக் காரணமான ஜெரானியோல் என்ற பொருளைப் பல படிகளில் மாற்றி செகோலோகனின் என்ற ஒன்றைச் செய்கிறது. இரண்டையும் ஒரு நொதி சேர்த்து வைக்கும்போது பிறப்பது ஸ்ட்ரிக்டோசிடின். சர்ப்பகந்தியின் ரெசர்பின், சின்கோனாவின் குவினைன், நித்தியகல்யாணியின் அத்தனை சரக்கு, எல்லாமே இந்த ஸ்ட்ரிக்டோசிடினில் இருந்து கிளை பிரிந்தவை.

செடி இவ்வளவு மெனக்கெடுவது நமக்கு மருந்து தருவதற்காக இல்லை. தன்னைத் தின்ன வருகிற புழுவையும் பூஞ்சையையும் விரட்டுவதற்காக. ஸ்ட்ரிக்டோசிடினை செல்லுக்குள் ஒரு பையில் அடைத்து வைத்திருக்கிறது. அதை உடைக்கும் நொதியைச் செல்லின் உட்கருவுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. இலை நன்றாக இருக்கும் வரை இரண்டும் பெருமளவில் சந்திப்பதில்லை. புழு கடித்து செல் நசுங்கினால் இரண்டும் கலக்கும். சர்க்கரைப் பகுதி கழன்று விழ, மிச்சம் இருப்பது புரதங்களோடு போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு கொடிய பொருள். புழுவுக்கு அடுத்த கடி கசக்கும் என்பதோடு நிற்காது, செரிமானமும் கெடும். ஆடு முகர்ந்துவிட்டு நகர்வதில் ஒரு விவேகம் இருக்கிறது.

இரண்டு பாதிகள்

இந்தச் செடியின் வேதியியலில் என்னை அதிகம் கவர்ந்தது இனிமேல் வருவதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

இலையில் ஓரளவு தாராளமாக இருக்கும் இரண்டு ஆல்கலாய்டுகள் விண்டோலின், கேத்தரந்தின். விண்டோலினில் கார்பன் அணுக்கள் 25. கேத்தரந்தினில் 21. தனித்தனியாக எடுத்தால் இரண்டுக்கும் புற்றுநோயை எதிர்க்கும் வலு சொல்லும்படியாக இல்லை. இரண்டும் கைகோத்தால் 46 கார்பன் உள்ள ஒரு பெரிய மூலக்கூறு உருவாகிறது. அதோடு ஒரு நீர் மூலக்கூறின் அணுக்களும் சேர்ந்தால் வின்பிளாஸ்டின். கார்பன் 46, ஹைட்ரஜன் 58, நைட்ரஜன் 4, ஆக்சிஜன் 9.

பாதி இரண்டும் இலையில் இருந்தும் ஏன் வின்பிளாஸ்டின் இவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது? 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பெரிதும் விடை சொன்னது. கேத்தரந்தினைச் செடி இலையின் மேற்பரப்பில் உள்ள மெழுகுப் பூச்சுக்குள் கொண்டுபோய் வைக்கிறது. விண்டோலினோ இலைக்கு உள்ளே இருக்கும் செல்களில் இருக்கிறது. ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. மெழுகில் இருக்கும் கேத்தரந்தின் அங்கே சும்மா இல்லை, இலைமேல் இறங்கும் பூஞ்சையின் வித்துகளை வளரவிடாமல் தடுக்கிறது. ஆக, பாதிகள் இரண்டும் ஒரே இலையில் குடியிருந்தாலும் அபூர்வமாகத்தான் சந்திக்கின்றன.

பலனைக் கணக்கில் பார்க்கலாம். 1 கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு ஏறத்தாழ 2,000 கிலோ. பச்சை இலையாகக் கணக்குப் போட்டால் இன்னும் பல மடங்கு.

வின்கிரிஸ்டின் என்பது வின்பிளாஸ்டினின் உடன்பிறப்பு. ஹைட்ரஜன் இரண்டு குறைந்து 56, ஆக்சிஜன் ஒன்று கூடி 10, மற்றதெல்லாம் அப்படியே. விண்டோலின் பாதியில் ஒரு நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் சின்னக் கிளையில்தான் இந்த மாற்றம். 46 கார்பன் உள்ள மூலக்கூறில் ஒரே ஒரு முனையில் நடந்த இந்தச் சில்லறை மாற்றம் நோயாளியின் உடம்பில் பெரிய வித்தியாசத்தைக் காட்டுகிறது. வின்பிளாஸ்டின் கொடுத்தால் முதலில் அடிவாங்குவது எலும்பு மஜ்ஜை, வெள்ளையணுக்கள் சரசரவென்று இறங்கும். வின்கிரிஸ்டின் மஜ்ஜையை ஓரளவு விட்டுவைக்கும், நரம்பைப் பிடிக்கும். மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்து மட்டும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க யாராலும் முடியாது.

இருபத்தைந்து இலைகள்

கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் இருந்தார். அவருடைய அண்ணன் கிளார்க் நோபிள் டாக்டர். டொராண்டோவில் 1921-இல் இன்சுலின் ஆய்வு தொடங்கியபோது, அதைக் கண்டுபிடித்த பேண்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று சார்லஸ் பெஸ்டும் கிளார்க் நோபிளும் காசு சுண்டிப் பார்த்தார்கள், பெஸ்ட் ஜெயித்தார் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கிளார்க் நோபிளுக்கு 1952-இல் ஜமைக்காவில் இருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே நித்தியகல்யாணி இலைகள் 25. அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்று செய்தி. அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டதால் உறை தம்பி கைக்குப் போனது.

கவனியுங்கள், ஜமைக்காவிலும் நம் ஊர்ப் பேச்சுதான். பிலிப்பைன்ஸிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட இதே பழக்கம் இருந்தது. கடல்கள் தாண்டி இத்தனை ஊர்களில் ஒரே நம்பிக்கை இருந்தால் அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

ராபர்ட் நோபிள் எலிகளுக்கு இலைச் சாற்றை வாய்வழி கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை அசையவில்லை. சாற்றை ஊசியில் செலுத்திப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் சில நாட்களில் எலிகள் செத்தன. உடம்பெல்லாம் சீழ்க்கட்டி. சாதாரணமாக எலியை ஒன்றும் செய்யாத கிருமிகள் அவற்றைக் கொன்றிருந்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்திருந்தன. மஜ்ஜை வற்றிக் கிடந்தது.

பெரும்பாலானவர்கள் இங்கே நோட்டை மூடிவைத்திருப்பார்கள். தேடியது கிடைக்கவில்லை, கிடைத்தது விஷம். நோபிள் கேட்ட கேள்வி வேறு: வெள்ளையணுக்களை இப்படிக் குறைக்கிற பொருள், வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் என்ன செய்யும்? சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் 1954-இல் அவரோடு சேர்ந்தார். இருவரும் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் உழைத்து 1958-இல் வின்பிளாஸ்டினைத் தனியாகப் பிரித்து அறிவித்தார்கள். ஏறக்குறைய அதே சமயம் அமெரிக்காவில் எலி லில்லி கம்பெனியில் கார்டன் ஸ்வோபோடாவும் கூட்டாளிகளும் இதே செடியைச் சர்க்கரை நோய்க்காகவே சோதித்து, ரத்தப் புற்றுநோய் வந்த சுண்டெலிகள் கூடுதல் நாள் உயிரோடு இருப்பதைக் கண்டார்கள். வின்கிரிஸ்டின் அவர்கள் கையில் கிடைத்தது. 1963-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

1950-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் அநேகமாக எல்லோரும் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகையில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அந்தப் பெருமை வின்கிரிஸ்டினுக்கு மட்டும் உரியதில்லை, பல மருந்துகளின் கூட்டு அது. ஆனால் அந்தக் கூட்டில் இருந்து வின்கிரிஸ்டினை இன்றுவரை யாரும் எடுத்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் இரண்டும் இருக்கின்றன.

மடகாஸ்கருக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்டால், எதுவுமில்லை. நம் பக்கத்து அகத்தியமலைக் காட்டில், காணிக்காரப் பழங்குடிகள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகைக்குக் கேரளத்துப் பாலோடு தாவரவியல் தோட்டம் வழியாக ஒரு பங்காவது அவர்களுக்குப் போகும்படி 1990-களில் ஏற்பாடு செய்தார்கள். அது முழுமையாக வெற்றி பெற்றதா என்பது தனி விவாதம். மடகாஸ்கர்க்காரர்களுக்கு அந்த விவாதமே வாய்க்கவில்லை.

மருந்து உடம்பில் என்ன செய்கிறது

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே இருக்கும் குரோமோசோம்களை இரண்டு பக்கமாகச் சரிபாதி இழுத்துக் கொடுக்க நுண்குழல்கள் உருவாகின்றன. இவை டியூபுலின் என்ற புரதத் துண்டுகளால் ஆனவை. ஈத்தாமொழி, மணவாளக்குறிச்சிப் பக்கம் கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ராட்டு சுற்றிக்கொண்டே இருக்கும், திரிக்கிறவர் மடியில் இருந்து தும்பை, அதாவது தேங்காய் நாரை, கொஞ்சம் கொஞ்சமாக முனையில் சேர்த்துக்கொண்டே பின்னால் நடப்பார், கயிறு நீண்டுகொண்டே போகும். முனையில் தும்பு சேர்வது நின்றால் கயிறு அங்கேயே நின்றுவிடும். செல்லுக்குள் டியூபுலின்தான் தும்பு. வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் போய் உட்காருவது சரியாக அந்த முனையில். மருந்தின் ஓரிரு மூலக்கூறுகள் முனையைப் பிடித்துக்கொண்டாலே போதும், புதிய தும்பு சேர்வதும் பழையது அவிழ்வதும் தடைப்படும். மருந்து அதிகமானால் கயிறே பிரிந்துபோகும். குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நின்றபடி நிற்கும், எந்தப் பக்கமும் போகாது. இப்படிப் பாதியில் மாட்டிக்கொண்ட செல் கொஞ்ச நேரத்தில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

புற்றுச் செல்கள் அடிக்கடி பிரிகிறவை, அதனால் அவை அதிகம் மாட்டுகின்றன. மஜ்ஜையும் முடி வேரும் குடலின் உட்பூச்சும்கூட அடிக்கடி பிரிகிறவைதானே, அவையும் மாட்டுகின்றன. கீமோ எடுக்கிறவர்களுக்கு முடி கொட்டுவதற்கும் ரத்த அணுக்கள் குறைவதற்கும் இதுதான் விளக்கம்.

நரம்புச் செல்லோ பிரிவதே இல்லை. அதற்கு ஏன் பாதிப்பு? நரம்பின் நீண்ட இழைக்குள்ளும் நுண்குழல்கள் உண்டு. செல்லின் உடலில் தயாராகும் சரக்கு இழையின் கடைசி வரை போய்ச் சேர்வது அவற்றின் வழியாக. முதுகுத்தண்டுக்குப் பக்கத்தில் தொடங்கிக் கால் விரல் வரை போகும் ஓர் இழையின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். வழி கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது கடைக்கோடிதான். அதனால்தான் வின்கிரிஸ்டின் எடுக்கிறவர்களுக்கு மரத்துப்போவதும் ஊசி குத்துவது மாதிரி கூச்சமும் விரல் நுனிகளில், அதிலும் கால் விரல்களில் தொடங்குகின்றன. குடலை அசைக்கும் நரம்புகளும் சோர்ந்துபோவதால் கடுமையான மலச்சிக்கல் வரும். வீட்டில் யாருக்காவது இந்த மருந்து போகிறது என்றால், குழந்தை சட்டைப் பித்தானைப் போடத் தடுமாறுகிறதா, நடையில் கால் இழுபடுகிறதா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய அது உதவும்.

இதே டியூபுலினைப் பிடிக்கும் இன்னொரு பொருள் நம் மாநிலப் பூவிலும் இருக்கிறது. செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்ச்சிசின் அது. கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் பயிரிடுவது இந்தச் செடியைத்தான். கௌட் என்ற மூட்டு வாதத்துக்கு மிகச் சிறிய அளவில் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். அளவு கொஞ்சம் மீறினால் உயிருக்கே ஆபத்து.

வின்கிரிஸ்டினை ரத்த நரம்பில் மட்டுமே ஏற்ற வேண்டும். முதுகுத்தண்டு நீரில் தவறிப்போய்ச் செலுத்தினால் அநேகமாக மரணம்தான். உலகின் பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. சிரிஞ்சுக்குப் பதிலாகச் சிறிய டிரிப் பையில் கலந்து ஏற்றுங்கள், அப்போதுதான் குழப்பம் வராது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பதும் இதனால்தான்.

அப்படியானால் கஷாயம்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரியவர்களுக்கு வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போடுவது வழக்கமில்லை. 2,000 கிலோவுக்கு 1 கிராம் என்ற கணக்கில், அந்த 2 மில்லிகிராமுக்கு 4 கிலோ காய்ந்த இலை வேண்டும். கஷாயம் வைக்கிறவர் போடுவது என்ன, ஒரு கைப்பிடி, காய்ந்த எடையில் 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் தேறுவது 5 மைக்ரோகிராம். ஊசியில் போவதில் நானூறில் ஒரு பங்கு. அதுவும் வாய்வழி போனால் எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பதற்கு எந்த நிச்சயமும் இல்லை. ஊசியாகவே கொடுப்பது இதனால்தான்.

ஆனால் அந்தக் கைப்பிடி இலையில் மற்ற ஆல்கலாய்டுகளும் இருக்கின்றனவே. எல்லாவற்றையும் சேர்த்தால் இலையின் காய்ந்த எடையில் ஒரு சதவீதத்தை ஒட்டி வரலாம். அதாவது 10 கிராமில் 100 மில்லிகிராம் வரைக்கும். நூற்றுச் சொச்சம் வகைகளின் கலவை, எந்த இலையில் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. செடியின் வயது, வெயில், மண், ரகம் என்று எதை மாற்றினாலும் அளவு மாறும். வேண்டிய மருந்து வந்து சேரவில்லை, வேண்டாதது எத்தனையோ வகையில் வந்து சேரலாம். வாந்தி, மயக்கம், ரத்த அணுக்கள் குறைவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

சர்க்கரைக்கு இது கேட்கவே கேட்காதா? இலையில் உள்ள விண்டோலின் முதலான சில பொருட்கள் ஆய்வகத்தில் செல்களிலும் எலிகளிலும் சர்க்கரையைக் குறைக்கும் அறிகுறிகளைக் காட்டியிருக்கின்றன. அதில் இருந்து மனிதர்களுக்கான சர்க்கரை மருந்து எதுவும் வந்துவிடவில்லை. ஏற்கெனவே மெட்ஃபார்மினோ இன்சுலினோ எடுக்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இதையும் சேர்த்துக் குடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது. செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் வயிற்றில் வளரும் பிள்ளைக்கு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. இதற்காக வீட்டு முற்றத்தில் நிற்கும் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். தொட்டால் ஒன்றும் ஆகாது, பூவைச் சாமிக்கு வைக்கலாம். சின்னப் பிள்ளைகள் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வேரின் கதை வேறு. அங்கே விண்டோலின் கிடையாது, அஜ்மலிசின், செர்பென்டின் ஆகியவை உண்டு. அஜ்மலிசினை ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்ட மருந்துகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன் பெயரில் இருக்கும் அஜ்மல், டெல்லி யுனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கான். சர்ப்பகந்தியில் இருந்து 1931-இல் வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி முதலில் பிரித்த ஆல்கலாய்டுகளுக்கு அவர் பெயரை வைத்தார். நித்தியகல்யாணியின் வேரில் அதே வரிசைச் சரக்கு இருப்பதால் வேருக்கும் விலை உண்டு.

வயலும் ஈஸ்ட்டும்

தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே வளர்க்கிறார்கள். மழை குறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கத்து நிலம் இதற்குப் பொருந்தும், ரப்பர் வளரும் குலசேகரம் பக்கத்து ஈரம் பொருந்தாது, வேரழுகல் வந்துவிடும். நட்ட ஆறாம் மாதம் ஒரு தடவை இலை பறிப்பு, ஒன்பதாம் மாதம் இன்னொரு தடவை, ஆண்டு முடிவில் செடியை அடியோடு எடுத்து இலை, தண்டு, வேர் என்று பிரிப்பது என்பது பொதுவான முறை. இலையை நிழலில் காய வைக்க வேண்டும். லக்னோவில் உள்ள மத்திய மூலிகை ஆராய்ச்சி நிறுவனம் நிர்மல், தவல் என்று வெள்ளைப் பூ ரகங்களை வெளியிட்டிருக்கிறது.

மருந்துக் கம்பெனி இன்று வின்பிளாஸ்டினை மட்டும் இலையில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தாராளமாகக் கிடைக்கும் விண்டோலினையும் கேத்தரந்தினையும் பிரித்தெடுத்து, செடி அபூர்வமாகச் செய்கிற இணைப்பை ஆலையில் செய்துகொள்ள முடியும். அப்படிக் கிடைத்ததை இன்னும் கொஞ்சம் செதுக்கி பிரான்ஸில் பியர் பொத்தியே குழுவினர் உருவாக்கிய வினோரெல்பின் நுரையீரல், மார்பகப் புற்றுநோய்களுக்குப் பயன்படுகிறது.

இருந்தாலும் தட்டுப்பாடு வராமல் இல்லை. 2019-இல் ஒரு தயாரிப்பாளர் விலகிக்கொள்ள, அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டின் கிடைக்காமல் குழந்தைகள் மருத்துவர்கள் தவித்தார்கள். இலையை நம்பியிருப்பதைக் குறைக்க 2022-இல் டென்மார்க்கில் ஒரு குழு ஈஸ்ட்டுக்குள் இந்தச் செடியின் மரபணுக்களைப் புகுத்தி விண்டோலினையும் கேத்தரந்தினையும் செய்ய வைத்தது. ஏறத்தாழ முப்பது படிகளை ஈஸ்ட் வரிசையாகச் செய்து முடித்தது. பிறகு அந்த இரண்டு பாதிகளையும் ஆய்வகத்தில் இணைத்து வின்பிளாஸ்டின் எடுத்துக் காட்டினார்கள். கிடைத்த அளவு லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான் இருந்தது. அது கிராம் கணக்குக்கு உயரும் வரை, பறிக்கிற கை தென்மாவட்டத்து வயலில் இறங்கத்தான் வேண்டும்.